கரகரப்பு ஆகாத மனிதர்

அவர் பார்க்க எப்படி இருப்பார் என்று என்னைக் கேட்காதீர்கள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு எனக்குப் பார்வை போய்விட்டது. அவர் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தபோது நான் முப்பதைத் தாண்டியிருந்தேன். உயரம், நிறம், மீசை எல்லாம் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். என்னிடம் இருப்பது அவருடைய சத்தம் மட்டும்தான். அதை நினைத்தாலே இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும், கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கும்.

எதையும் சுண்டிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிட்டதும் எங்கள் வீட்டுக் கேட்டை ஒரு சுண்டு சுண்டுவார். மாடிப்படிக் கம்பியைச் சுண்டிக்கொண்டே ஏறுவார். காபி கொடுத்தால் டம்ளரைச் சுண்டுவார். தேங்காய்க் கடைக்குப் போனால் அத்தனை காயையும் சுண்டிவிட்டு ஒன்றுகூட வாங்காமல் வருவார். அந்தக் கடைக்காரர் இவர் வருவதைப் பார்த்ததுமே தெலுங்கில் முனகிக்கொண்டு சாக்கை இழுத்து மூடுவாராம், அம்மா வந்து சொல்லிச் சிரிப்பாள்.

அவர் வேலை அப்படி. ஓசூர் சிப்காட்டில் சின்னச் சின்ன மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில், சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, ஓடுகிற மோட்டாரைக் காதால் கேட்டுச் சோதிப்பவர். லேசாகக் கரகரத்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ள வேண்டும். சுத்தமாக இருந்தால் பச்சைச் சீட்டு. "பச்ச ஒட்டுறதுக்கு மட்டும் எனக்குக் கை வராது தங்கச்சி," என்று பெருமையாகச் சொல்வார். விருதுநகர்ப் பக்கத்து ஆள். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்தும் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை.

கண்ணாடி அறைக்குள் இருக்க வேண்டிய புத்தியை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். அம்மா மெதுவடை சுட்டுக் கொடுத்தால், மென்றுகொண்டே, "ருசி நல்லாத்தான் இருக்கு. கடிக்கையில சத்தம் பத்தலம்மா," என்பார்.

"தின்னாம சொல்லு தம்பி, ஒத்துக்கறேன். தின்னுட்டு சொல்லாத," என்பாள் அம்மா.

இதெல்லாம் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தோம். என் பிழைப்பில் அவர் கை வைக்கும் வரைக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது.

நான் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். உள்ளே இருக்கிற அத்தனை இணைப்பு எண்களும் எனக்கு மனப்பாடம். தமிழில் கேட்டால் தமிழில், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லி இணைத்துவிடுவேன். ஒருநாள் கூப்பிட்டு, நன்றி சொல்லி, சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். என் இடத்தில் ஒரு மிஷின் உட்கார்ந்து, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று ஊரையே அழுத்தச் சொன்னது. என்ன அநியாயம் பாருங்கள்.

சென்னையில் இருக்கும் என் அண்ணன் அதைச் சாக்காக வைத்துக்கொண்டான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நீயும் அம்மாவும் இங்கே வந்துவிடுங்கள் என்றான். அவன் நல்லவன்தான். ஆனால் அங்கே போனால் நான் என்ன செய்வேன்? நாலு சுவருக்குள் ஒரு கட்டில், அதன் மேல் நான். வேலை என்று ஒன்று கிடைத்தால் இங்கேயே இருக்கலாம், கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று எனக்கும் அவனுக்கும் பேச்சு.

அப்போதுதான் ஒரு வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கூட்டங்களில் பேசுவதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். கேட்டு, அப்படியே தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து விவசாயிகள் கூட்டத்தில் ஒரே ஆள் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் சண்டை போட்டு, கன்னடத்தில் முடிப்பார். அதை எழுத வெளியூர்க்காரர்களால் ஆகவில்லை. எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. வேண்டியதெல்லாம் ஒரு கம்ப்யூட்டரும், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரும்தான். இரண்டும் பழைய வேலையிலேயே பழகியவை. அண்ணன் தன் ஆபீஸில் கழித்துப்போட்ட லேப்டாப் ஒன்றை அனுப்புகிறேன் என்றான்.

நடுவில் புகுந்து கெடுத்தவர் இவர். "பழைய லேப்டாப்பா? வேணாம் தங்கச்சி. வந்து அன்னைக்கே படுத்துரும். நான் ஒண்ணு பண்ணித் தாரேன், பொறு," என்றார். நானும் அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கொண்டுவந்தது ஒரு வீடியோ கேம் பெட்டி. யாரோ வீட்டுப் பிள்ளை விளையாடிச் சலித்துத் தூக்கிப் போட்டது. விளையாட்டைத் தவிர வேறெதையும் ஓட்டக் கூடாது என்று அதைச் செய்தவர்களே உள்ளே பூட்டுப் போட்டு வைத்திருப்பார்களாம். அந்தப் பூட்டை உடைக்கும் வழியை எங்கெங்கோ இருக்கிறவர்கள் இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்த சாயங்காலங்களில் அதைப் படித்துப் படித்து இவர் பூட்டை உடைத்தார். உள்ளே, கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்ற மென்பொருளை ஏற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் டீவியில் மாட்டிவிட்டு, "தங்கச்சி, படம் வந்துருச்சு," என்று கத்தினார்.

கேட்டீர்களா? எனக்குப் படம் வந்துவிட்டதாம்.

"ஆமா பாப்பா, ஒரே எழுத்தா ஓடுது," என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

"சத்தம் வந்துச்சாண்ணா?" என்றேன்.

"அதுதான் வரல," என்றார், குரல் இறங்கி. அந்தப் பெட்டியின் ஒலிச் சில்லோடு லினக்ஸ் பேச வேண்டுமானால் நடுவில் டிரைவர் என்று ஒரு நிரல் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பாதி எழுதி, இது சோதனைக்குத்தான், நம்பி இறங்காதீர்கள் என்று எச்சரிக்கையும் போட்டுவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டாராம். மீதியை இவர் எழுதப்போகிறாராம்.

வாரங்கள் ஓடின. முதலில் டீவியிலிருந்து ஒரு வீறல் வந்தது. அம்மா பருப்புச் சட்டியைக் கீழே போட்டாள். அப்புறம் ஸ்கிரீன் ரீடர் எலிக்குரலில் பேசியது. இவர் எதையெதையோ மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு சாயங்காலம், நிதானமான ஆண்குரல் ஒன்று தமிழில், "புதிய கோப்பு" என்றது. நான் "அ" அடித்தேன். "அ" என்றது. "ம்" அடித்தேன். "ம்" என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அடித்ததை எனக்கே ஒருவர் படித்துக் காட்டி எத்தனை மாதமாயிற்று. நடுநடுவே லேசாகக் கரகரத்தது. கரகரத்தால் என்ன?

அவருக்கு அதுதான் கண்ணில் குத்தியது. காதில் என்று சொல்ல வேண்டும். "ம்ஹூம். இது ரிஜெக்ட்டு," என்றார். அவ்வளவுதான். ஒயரைப் பிடுங்கினார், பெட்டியைக் கக்கத்தில் இடுக்கினார், மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். சோற்றில் கை வைத்தவள் முன்னாலிருந்து இலையை உருவிக்கொண்டு போவார்களா யாராவது? இவர் போனார்.

நாளைக்கு, நாளைக்கு என்று ஓடியது. மாதிரிப் பதிவு அனுப்புகிறோம், எழுதிக் காட்டுங்கள் என்று அந்த வேலை கொடுப்பவர்களிடமிருந்து போன் வந்ததும் நானே மாடி ஏறினேன். நான் பிறந்த வீட்டு மாடிப்படி எனக்குத் தெரியாததா.

"அண்ணா, பெட்டி எங்க?"

"இங்கிட்டுத்தான் இருக்கு. ஹோல்டுல வச்சிருக்கேன்."

"எனக்கு வேல வந்திருக்குது. குடுங்க."

"கரகரங்குதே தங்கச்சி, இதப் போயி எப்பிடிக் குடுப்பேன்? என் கையி வழியா அப்பிடி ஒரு பீஸு வெளிய போனதில்ல."

"நான் ஒண்ணும் உங்க கம்பெனி கஸ்டமர் இல்ல. எனக்குப் பேச்சு புரியுது, அது போதும்."

"ஒரு வாரம் பொறு."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க. இன்னா, என் தலயெழுத்து உங்க கையிலதான் இருக்குதா?"

பெட்டிக்குள் ஓடும் சின்ன மின்விசிறியின் சத்தத்தை வைத்து அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். நானே ஒயரைப் பிடுங்கினேன். நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவர் பின்னாலேயே வந்து, "பாத்து, பைய, படி பைய," என்றார். 

பெட்டியோடு பழகப் பழக ஒரு விஷயம் பிடிபட்டது. அதன் நினைவகம் ரொம்பச் சின்னது. ஒலிப்பதிவும் ஓடி, நான் அடிப்பதும் ஏறி, ஸ்கிரீன் ரீடரும் பேசினால் சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பி வழியும் நேரத்தில்தான் குரல் கரகரக்கும். அந்தக் கரகரப்பு கேட்டதும் நான் கோப்பைச் சேமித்துவிட்டு, எல்லாவற்றையும் மூடித் திறப்பேன். கேட்காத மாதிரி இருந்தால் பெட்டி அப்படியே செத்து நிற்கும், அடித்ததெல்லாம் போகும். அடிக்கடி சேமித்தால் என்ன என்பீர்கள். சேமிக்கிற ஒவ்வொரு தரமும் குரல் நின்றுபோய்ப் பெட்டி நெடுநேரம் திணறும், ஒரு வேலையும் ஓடாது. அதனால் கரகரப்பு வரும்வரை அடிப்பேன், வந்ததும் சேமிப்பேன். பால் பொங்கும் சத்தம் கேட்டு அடுப்பை அணைப்பது மாதிரி எனக்கு அது கைவந்துவிட்டது.

மாதிரிப் பதிவு வந்தது. தக்காளி விவசாயிகள் கூட்டம், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். முக்கால்வாசி எழுதி முடித்தேன். நடுவில் உத்தனப்பள்ளியில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. காலையில் போய் மாலையில் திரும்பினேன். அம்மாவுக்கு முட்டி வலி, அவள் வரவில்லை.

திரும்பி வந்து பெட்டியைப் போட்டால், குரல் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வருகிறது. ஒரு பிசிறு இல்லை. 

"அம்மா, யாரு இதத் தொட்டது?"

"மாடித் தம்பிதான். உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொன்னான்."

மறுநாள் சாயங்காலத்துக்குள் கோப்பை அனுப்பியாக வேண்டும். சரி, இருப்பதை வைத்து முடிப்போம் என்று காலையில் உட்கார்ந்தேன். ஒரு எழுத்தை அடித்தால், அடுத்த எழுத்தை அடித்த பிறகுதான் முந்தியதைச் சொல்கிறது. பிழை திருத்துவதற்குள் உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். கரகரக்கட்டும், சேமிக்கலாம் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். கரகரக்கவே இல்லை. குரல் கடைசிவரை தேனாகப் பேசியது, ஒரு சொல்லின் பாதியில் நின்றது. விசை எதை அழுத்தினாலும் அசைவில்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அடித்தது முழுக்கப் போயிருந்தது. அதோடு விட்டதா? பழைய கோப்பும் கெட்டுப்போய்த் திறக்க மறுத்தது.

அந்த நேரம் பார்த்து ஷிப்ட் முடித்துக் கேட்டைச் சுண்டிக்கொண்டு வந்தார்.

"எப்பிடித் தங்கச்சி இருக்கு? பாட்டுக் கணக்கா இருக்குல்ல?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "யாரக் கேட்டு இதத் தொட்டீங்க?" என்றேன். "ஒரு வார்த்த கேட்டீங்களா? எல்லாம் போச்சு. இன்னிக்கு அனுப்பலன்னா எங்கண்ணன் வந்து எங்கள மூட்ட கட்டிக் கூட்டிகினு போயிடுவான். சந்தோஷமா உங்களுக்கு?"

"கரகரப்புத்தான் போயிருச்சே," என்றார், ஒன்றும் புரியாமல். "சத்தம் போறதுக்கு முன்னாடி தங்கி நிக்கிற தொட்டி சின்னதா இருந்துச்சு. பெட்டி நெறஞ்சு திணறி, அது காலியாகுறப்பத்தான் கரகரங்கும். பெரிய தொட்டியா கட்டிட்டேன். இணையத்துலயும் போட்டேன். ஊரு ஒலகமே நல்லாருக்குங்குது."

"ஊரு ஒலகம் அதுல கேம் ஆடுது. நான் அதுல வேல செய்யறேன். உங்க தொட்டி நெறையறவரைக்கும் நான் ஒவ்வொரு எழுத்துக்கும் காத்துகினு இருக்கணுமா? பெட்டி சாகப் போவுதுன்னு எனக்குச் சொல்லிகினு இருந்ததே அந்தக் கரகரப்புதான். அது வாயப் பொத்திட்டீங்க."

 அவர் மேசையை நகத்தால் சுண்டும் சத்தம் கேட்டது.

"பழையபடி பண்ணிக் குடுங்க," என்றேன்.

"பழசு இல்ல தங்கச்சி. அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"ரிஜெக்ட்ட வச்சிருக்கக் கூடாதுல்ல. நல்லதோட கலந்துரும். கம்பெனியில சுத்தியலால நசுக்கித்தான் ஸ்கிராப்புல போடுவோம்."

தலையில் அடித்துக்கொண்டேன். இணையத்தில் கிடைப்பதோ சத்தமே வராத அந்தப் பாதி நிரல், அல்லது இவர் போட்ட தேன்குரல். நடுவில் இருந்த என்னுடையதை இவர் கையாலேயே நசுக்கியாயிற்று. அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்த லேப்டாப்பை ஆபீஸில் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டானாம். "நீதான வேணாம்னு சொன்ன," என்றான். அடுத்த வாரம் வண்டி பிடித்து வருவதாகவும் சொன்னான். பதிவு அனுப்பியவர்களைக் கெஞ்சினேன். ஒரே ஒரு நாள் தந்தார்கள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. லீவே போடாத மனிதர். காலையில் வந்து கதவருகில் நின்று, "எந்த எடத்துல கரகரக்கணும்?" என்று கேட்டார். குடிவந்த நாளிலிருந்து எனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

உட்கார்ந்தோம். அவர் அந்தத் தொட்டியைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்பார். நான் ஒலிப்பதிவை ஓட்டி, கண்டதையும் அடித்து, பெட்டியை நிரப்புவேன். காதைக் கொடுத்துக் கேட்பேன்.

"வரலண்ணா. ரிஜெக்ட்டு," என்பேன்.

மறுபடி குறைப்பார்.

"இது சும்மாவே கரகரங்குது. ரிஜெக்ட்டு."

அடுப்படியிலிருந்து அம்மா சிரிப்பது கேட்டது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல சத்தத்தைத் தன் கையாலேயே கெடுப்பது அவருக்கு உடம்பு வலியாக இருந்தது. ஒவ்வொரு கரகரப்புக்கும் நாற்காலி முனகும். நெளிகிறார் என்று தெரியும். எனக்குப் பாவமாக இருந்ததா? இல்லை. நன்றாக நெளியட்டும் என்றுதான் இருந்தது.

கடைசியில் ஒரு தரம், நான் அடித்துக்கொண்டே இருக்க, பெட்டி நிரம்பும் நேரம் குரல் லேசாகத் தொண்டையைச் செருமியது. எழுத்தும் விசையோடு கூடவே வந்தது. "இதுதான். விட்டுடுங்க," என்றேன். அவர் இன்னொரு தரம் கேட்டார். "எனக்கு நல்லா இல்ல," என்றார். "நீ வேணுங்கிற. வேல செய்," என்று எழுந்து போனார்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் அடித்தேன். கரகரத்தபோதெல்லாம் சேமித்தேன். கெடு முடிவதற்குள் போய்ச் சேர்ந்தது. மூன்று மொழியையும் இப்படி ஒருவரும் பிடித்ததில்லை என்று சொல்லி வேலை கொடுத்தார்கள். அண்ணன் வண்டி பிடிக்கவில்லை. நானும் அம்மாவும் இன்னும் இதே வீட்டில்தான் இருக்கிறோம்.

அந்தப் பெட்டியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. நான் வேலை செய்யும்போது உள்ளே வந்தால், கரகரப்பு கேட்டதும் எழுந்து வெளியே போய்விடுவார். பிறகு அவருடைய கம்பெனி அந்த மோட்டார் வேலையை வேறு மாநிலத்துக்கு மாற்றியது. சாமான்களை ஏற்றிவிட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டார், என்னிடம் "வாரேன் தங்கச்சி" என்றார், கேட்டைச் சுண்டினார், போய்விட்டார். அவர் போன் எண்ணும் மாறிவிட்டது.

போன மாதம் பெட்டி சூடாகிறது என்று அம்மாவைத் துடைக்கச் சொன்னேன். புரட்டிப் போட்டவள், "பாப்பா, அடியில ஒரு சீட்டு ஒட்டியிருக்குது," என்றாள்.

"இன்னா சீட்டு?"

"பச்ச சீட்டு. ஓகேன்னு போட்டு அந்தத் தம்பி கையெழுத்து வெச்சிருக்குது."

தடவிப் பார்த்தேன். வழவழவென்று ஒரு காகிதம், விரலுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. இத்தனை வருடமும் என் மேசை மேலேயே இருந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கண் தெரியாதவளுக்குச் சொல்ல இந்த மனிதருக்குப் பச்சைக் காகிதம்தான் கிடைத்ததா? அதையும் அடியில் ஒட்டுவாரா? படம் வந்துருச்சு என்று கத்திய ஆள்தானே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்?

"ஓரமெல்லாம் கிழிஞ்சு தொங்குது," என்றாள் அம்மா. "பிச்சுப் போட்டுடட்டுமா?"

"கை வெச்சீன்னா தெரியும்," என்றேன்.